புதுப்பிப்பு: தாடையில் வந்த 'டிக்' சத்தம்

வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் 'டிக்' என்கிறது, காலையில் தாடை இறுகிக் கிடக்கிறது என்று மூன்று மாதம் முன்பு இங்கே எழுதியிருந்தேன். காதுவலி என்றுதான் நினைத்தேன். காதில் ஒன்றுமில்லை, கோளாறு தாடை மூட்டில்.

காதுக்கு முன்னால் கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான முனைக்கும் (குமிழ்) அது பொருந்தும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெத்தை மாதிரி மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. வாய் திறக்கையில் குமிழ் முதலில் சுழலும், அப்புறம் வட்டோடு சேர்ந்து முன்னால் வழுக்கும். என் வட்டு முன்பக்கம் நழுவியிருக்கிறது. குமிழ் மறுபடி அதன்மேல் ஏறி உட்காரும்போது வருவதுதான் அந்தச் சத்தம். சுண்டுவிரலைக் காதில் லேசாக வைத்து வாயைத் திறந்து பாருங்கள், குமிழ் நகர்வது விரலில் தெரியும். (கருவில் நடுக்காதின் சுத்தி, பட்டடை எலும்புகள் தாடைக் குருத்தெலும்போடு சேர்ந்தே உருவாகின்றன என்று படித்தபோது பிரமித்துப் போனேன்.)

வலியில்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சை வேண்டாம் என்றார் பல் மருத்துவர். எனக்கு வலி வந்தது தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால். இரவில் பற்கள்மேல் மாட்டிக்கொள்ளும் கழற்றக்கூடிய பல் உறை, வெந்நீர் ஒத்தடம், மென்மையான சாப்பாடு. எல்லாவற்றையும் விட உதவியது, பகலில் மேல் கீழ்ப் பற்கள் தொடாமல் பார்த்துக்கொண்டதுதான். அன்று 28 மி.மீ. திறந்த வாய் இப்போது 41 திறக்கிறது.

அந்தப் பதிவில், இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்று கேட்டவருக்கு: பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. ஆனால் சத்தம் திடீரென நின்று வாயும் திறக்காமல் போனால் உடனே காட்டுங்கள். வட்டு முன்னாலேயே சிக்கியிருக்கலாம்.

சத்தம் இன்னும் இருக்கிறது. வலி இல்லை.