புதுப்பிப்பு: தொட்டி மண்ணில் மொய்த்த குட்டிப் பூச்சிகள்

வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளைச் சுற்றிப் பறக்கும் குட்டிக் கறுப்புப் பூச்சிகளை எப்படி ஒழிப்பது என்று கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டன.

மஞ்சள் ஒட்டும் அட்டையில் நிறையவே சிக்கின. ஆனால் அது பறப்பவற்றை மட்டும்தான் பிடிக்கும். அவற்றின் புழுக்கள் இருப்பது ஈரமான மேல்மண்ணில், பெரும்பாலும் 2 அங்குலத்துக்குள். பூஞ்சையையும் இளம் வேரையும் தின்று வளரும். அதனால் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன், அதுவும் அடித்தட்டில். பெரணிக்கு மட்டும் இந்தப் பட்டினி ஒத்துவரவில்லை. அதற்கு பி.டி.ஐ. (இந்தப் புழுக்களைக் கொல்லும் ஒரு வகை பாக்டீரியா) கலந்த தண்ணீர் ஊற்றினேன். அது புழுவைத்தான் கொல்லும், முட்டையை அல்ல. ஆகவே வாராவாரம் திரும்ப ஊற்ற வேண்டும். முட்டை பூச்சியாக மாற 3, 4 வாரம் ஆகும், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் வைத்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. சிலர் சொன்ன லவங்கப்பட்டைத் தூளா? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.