ஃபிஷ் டிஸ்க்: இலவசம் என்றால் விலை எதற்கு?

பழசுப்பெட்டி (கோவை):

சித்தப்பா இங்கிலாந்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய அமிகா 500 (எண்பதுகளின் வீட்டுக் கணினி) இப்போது என்னிடம். மெஷின் ஓடுகிறது, பவர் சப்ளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கூடவே ஒரு ஷூ பெட்டி நிறைய 3.5 இன்ச் ஃபிளாப்பிகள். பாதி விளையாட்டு. மீதியில் சிலவற்றில் பேனாவால் "ஃபிஷ் 188", "ஃபிஷ் 240" என்று எழுதியிருக்கிறது. வேறு சிலவற்றில் ஏதோ ஒரு பி.டி. (பொது உரிமை மென்பொருள்) லைப்ரரியின் அச்சடித்த லேபிள், அதில் விலையும் இருக்கிறது. சித்தப்பாவைக் கேட்டால், "அதெல்லாம் கிளப்பில் வாங்கினது, ஃப்ரீ சாஃப்ட்வேர்தான்" என்கிறார். அதற்கு மேல் அவருக்கு ஞாபகம் இல்லை.

தேடியதில், ஃப்ரெட் ஃபிஷ் என்ற அமெரிக்கர் 1986 முதல் 1994 வரை தொகுத்து வெளியிட்ட வரிசை இது என்று தெரிந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. இலவச மென்பொருள் என்றால் லேபிளில் விலை ஏன்? யாராவது ஒருவரிடம் வாங்கி மற்றவர்கள் காப்பி எடுத்துக்கொண்டால் போதாதா? எழுதியவருக்கு அதில் ஏதாவது போனதா?

இன்னொன்று. யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் வாங்கி லேப்டாப்பில் போட்டேன். "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. டிஸ்க் எல்லாம் போய்விட்டதா?

---

கட்டளைவரி:

ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்! டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். பி.சி. அந்த அளவு டிஸ்க்கில் ஒரு தடத்துக்கு (ஒரு வட்டத்துக்கு) 9 செக்டர், அதாவது துண்டு, எழுதும், மொத்தம் 720 கேபி. அமிகா 11 செக்டர்களை இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் எழுதும், அதனால் 880 கேபி. செக்டர் தலைப்பும் வேறு மாதிரி. யு.எஸ்.பி. டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு பி.சி. அமைப்பு மட்டும்தான் தெரியும், ஆகவே வெற்று டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது.

வழி: பழைய டெஸ்க்டாப்பில் இருந்து கழற்றிய சாதாரண ஃபிளாப்பி டிரைவ், அதோடு கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு. அது காந்தத் துடிப்பை அப்படியே படிக்கும். ஒவ்வொரு டிஸ்க்கும் 901,120 பைட் ஏ.டி.எஃப். கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக, வரும். போடுவதற்கு முன் ஷட்டரைத் தள்ளி உள்ளே பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் டிரைவில் போடவே கூடாது, ஹெட் போய்விடும். அந்தத் தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

---

ஹாரோவாசி (லண்டன்):

தம்பி, நீங்கள் கேட்ட அந்த விலைக் கேள்வியை அந்தக் காலத்தில் எங்கள் கழகத்தில் வந்துசேரும் புது ஆள் ஒவ்வொருவரும் கேட்பார். நான் கொஞ்சக் காலம் லண்டன் வடமேற்கில் ஒரு அமிகா கழகத்தில் டிஸ்க் கொப்பி எடுத்துக் கொடுக்கும் மேசையைப் பார்த்துக்கொண்டவன். ஊரில் இருந்து வந்த புதிதில் ஆங்கிலம் கதைக்கக் கூச்சம், அந்த மேசையில் இருந்தால் எண்ணைச் சொன்னால் போதும். அதனால்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் காசு. வெறும் டிஸ்க்குக்குக் காசு. தபாலுக்குக் காசு. கொப்பி எடுப்பவரின் நேரத்துக்கும் ஏதோ கொஞ்சம். மென்பொருளுக்கு ஒன்றுமில்லை. இதை லைப்ரரிக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை, நிரலை எழுதியவர்களே கூட அனுப்பும் ரீட்மீ கோப்பில் எழுதிவைத்தார்கள். யாரும் கொப்பி எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் ஃப்ரெட் ஃபிஷ் ஒரு டிஸ்க்குக்கு வாங்கும் தொகையை விடக் கூட வாங்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு நிபந்தனை. கனக்க ரீட்மீக்களில் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் இருந்து ஒருவர் எழுதியிருப்பார், சுவீடனில் இருந்து ஒருவர் எழுதியிருப்பார், எல்லாவற்றிலும் அளவுகோல் அமெரிக்காவில் இருக்கிற அந்த ஒரு மனிதர் வாங்கும் விலை! வழக்கறிஞர் வைத்து எழுதியது இல்லை. ஆனாலும் அது வேலை செய்தது. கூட விலை போட்ட லைப்ரரிக்கு ஆட்கள் போகவில்லை.

"ஒருவரிடம் வாங்கி மற்றவர்கள் கொப்பி எடுத்தால் போதாதா" என்று கேட்டீர்கள். அதுதான் நடந்தது. ஃபிஷ் ஒரு கொத்து டிஸ்க்குகளை வெளியிடுவார், கழகங்கள் அதை எடுத்து உள்ளூரில் பெருக்கும். எங்களுக்கு அது வந்துசேரும் வழி நீளம், வந்தபிறகு பெருக்குவதுதான் வேலை. அமிகா 500-இல் முதலில் 512 கேபி நினைவகம்தான், அதிலும் வொர்க்பெஞ்ச் (அமிகாவின் திரைச் சூழல்) கொஞ்சம் தின்றுவிடும். 880 கேபி டிஸ்க்கை ஒரே டிரைவில் கொப்பி எடுக்கப் போனால் மூலத்தைப் போடு, எடு, புதியதைப் போடு, எடு என்று கை ஓயாது. நடுவில் டிஸ்க்கை மாற்றிப் போட்டால் மூலமே அழிந்துபோகும். ஆகவே மேசைக்கு வரும் மூல டிஸ்க் எல்லாவற்றிலும் மூலையில் இருக்கும் தடுப்பைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவைப்பது முதல் சட்டம். வெளி டிரைவ் ஒன்று சேர்ந்த பிறகுதான் அந்த மேசையில் கொஞ்சம் தேநீர் குடிக்க முடிந்தது.

ஓட்டையைத் திறப்பதற்கு இன்னொரு காரணம் வைரஸ். 1987-இல் எஸ்.சி.ஏ. என்று ஒன்று சுவிஸில் இருந்து கிளம்பியது. டிஸ்க்கின் பூட் பிளாக்கில், அதாவது மெஷின் கிளம்பும்போது முதலில் படிக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கும். மெஷினை மூன்று விசையால் மறுபடி கிளப்பினாலும் நினைவகத்தில் இருந்து போகாது, அடுத்துப் போடும் டிஸ்க் திறந்திருந்தால் அதில் ஏறிவிடும். சில நேரம் திரையில் "உங்கள் அமிகாவுக்கு உயிர் வந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு வாசகம் காட்டும். ஃபிஷ் டிஸ்க் வகையறாவில் தொற்றினால் 'இன்ஸ்டால்' கட்டளையால் பூட் பிளாக்கைப் புதுப்பித்துவிடலாம். சில விளையாட்டுகள் தம்முடைய சொந்தச் சரக்கை அந்த இடத்திலேயே வைத்திருக்கும், அதன்மேல் வைரஸ் எழுதிவிட்டால் அந்த விளையாட்டு அவ்வளவுதான். எங்கள் மேசைக்குத் திருட்டு விளையாட்டு வரக் கூடாது என்று வைத்திருந்ததற்கு நேர்மை பாதிக் காரணம், இந்தப் பயம் மீதிக் காரணம்.

சரி, ஃபிஷ் செய்ததில் என்ன பெரிய விஷயம்? டிஸ்க் கொப்பி எடுப்பது எவராலும் முடியும். அவர் செய்தது எண் போட்டது. எண் போட்டால் அது உறைந்துவிடும். 240 என்றால் ஹாரோவிலும் 240, சிட்னியிலும் 240, உள்ளே இருப்பது ஒன்றே. நிரலின் அடுத்த பதிப்பு வந்தால் பழைய டிஸ்க்கில் கை வைக்க மாட்டார், புது எண்ணில் போட்டு, "இது இத்தனாம் டிஸ்க்கில் இருந்ததன் புதுப்பிப்பு" என்று பட்டியலில் எழுதுவார். ஒவ்வொரு நிரலுக்கும் தனி அறை (இன்றைய ஃபோல்டர் மாதிரி), நாலைந்து வரியில் விளக்கம், பதிப்பு எண், எழுதியவர் பெயர், மூலநிரல் உள்ளே இருக்கிறதா இல்லை இயங்கும் கோப்பு மட்டுமா என்று கடைசியில் ஒரு சொல். ஆரம்ப எண்களில் சிலவற்றை உரிமைச் சிக்கல் என்று அவரே திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. அதனால் கழகத்தில் ஆட்கள் நிரலின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "இருநூற்றுப் பத்து இருக்கா?" என்பார்கள், சந்தையில் மீன் கேட்கிற மாதிரி. கிட்டத்தட்ட 1,100 டிஸ்க் வரை அப்படியே போனது.

லைப்ரரிகள் தமக்கென்று வேறு தொகுப்புகளும் போட்டன. வேக்ஃபீல்டில் இருந்த 17 பிட் அவற்றில் பெயர் போனது, அதில் இருந்துதான் 1990-இல் டீம் 17 என்ற விளையாட்டு நிறுவனம் வந்தது. உங்களிடம் இருக்கும் அச்சு லேபிள் அந்த மாதிரி எதுவாகவும் இருக்கலாம்.

எழுதியவருக்கு ஏதாவது போனதா? பொது உரிமை என்று விட்டவருக்கு ஒன்றும் போகவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஷேர்வேர் என்று போட்டவர்கள் பத்து டாலர், பதினைந்து மார்க் அனுப்பச் சொல்லி முகவரி கொடுத்திருப்பார்கள். லண்டனில் இருந்து ஜெர்மனிக்குப் பத்து மார்க் அனுப்புவதற்கு வங்கி கேட்கும் கட்டணம் பத்து மார்க்குக்கு மேல் போய்விடும். கடித உறைக்குள் தாள் காசை மடித்து வைத்து அனுப்பியவர்கள் எனக்குத் தெரிந்து சிலர் உண்டு. அதிகம் பேர் இல்லை.

---

நிரலி (பெங்களூரு):

அண்ணா சொன்ன எண் விஷயம் சரி. ஆனால் அந்த நினைவில் கொஞ்சம் பளபளப்பு கூடிவிட்டதோ என்று தோன்றுகிறது. எதை டிஸ்க்கில் சேர்ப்பது என்பதை ஒரே ஆள் முடிவு செய்தார். அவர் கண்ணில் படாதது உலகத்தின் கண்ணிலும் படாது. 1992-இல் சுவிஸ் மாணவர்கள் அமிநெட் என்ற இணைய மென்பொருள் கிடங்கை ஆரம்பித்த பிறகு, எழுதியவரே நேராக ஏற்றினார், யார் வேண்டுமானாலும் இறக்கினார். 880 கேபிக்குள் அடங்க வேண்டிய கட்டாயமும் போயிற்று. இணைய வசதி இருந்தவர்களுக்குத் தபாலுக்குக் காத்திருக்கும் தேவையே இல்லை. என் பார்வையில் அது பெரிய விடுதலை.

நான் அமிகா தொட்டதே இல்லை. ஃபிஷ்ஷின் பெயரை அறிந்தது வேறு பக்கத்தில் இருந்து. ஜிடிபி என்ற டீபக்கரின் (நிரலில் பிழை தேடும் கருவி) கையேட்டில் பங்களித்தவர்கள் பகுதியைப் பாருங்கள், 4.9 தொடங்கிப் பல வெளியீடுகளுக்கு அவர்தான் பொறுப்பாளர். 1990-களில் சிக்னஸ் நிறுவனத்தில் இருந்தார், பிறகு பீ-ஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய பீ நிறுவனம். 2007 ஏப்ரலில் இறந்தார். "மூலநிரல் உள்ளே" என்று பட்டியலில் குறித்துவைத்த பழக்கம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் இந்த வரிசைக்கு நான் தரும் மதிப்பு அதற்குத்தான். மாட் டில்லன் எழுதிய டிஎம்ஈ எடிட்டர் இந்த டிஸ்க்குகளில் சுற்றியது. அவர்தான் பின்னாளில் டிராகன்ஃபிளை பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார். மூலநிரல் இல்லாத இயங்கும் கோப்புகளை மெஷினோடு சேர்த்துப் புதைக்க வேண்டியதுதான்.

---

ஹாரோவாசி (லண்டன்):

தங்கச்சி, ஒரு ஆள் முடிவு செய்தார் என்பது உண்மைதான். அவர் எடுக்காததை எங்கள் கழகம் எடுத்து வைத்துக்கொள்ளும், வேறு லைப்ரரி எடுக்கும், அப்படித்தான் ஓடியது. அமிநெட் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 1992-இல் இணையம் இருந்தது பல்கலைக்கழகத்தில். எங்கள் கழகத்தில் பாதிப் பேர் பஸ் ஓட்டுநர், கடையில் வேலை, பள்ளிக்கூடப் பெடியன்கள். எங்களுக்கு அமிநெட்டும் பிற்பாடு சி.டி.யாகத்தான் வந்தது, அதையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஃபிஷ்ஷும் 1993-இல் சி.டி. போடத் தொடங்கிவிட்டார்.

புதைக்கச் சொன்னதுக்கு மட்டும் உடன்பட மாட்டேன். டேவ் ஹெய்னியின் டிஸ்க்சால்வ் என்ற டிஸ்க் மீட்கும் நிரல் இருந்திராவிட்டால் எங்கள் கழகத்தின் உறுப்பினர் பட்டியலே போயிருக்கும். அவர் அமிகாவைச் செய்த கொமடோரில் வன்பொருள் பொறியாளர், அந்த நிரலை வெளியே இப்படிப் பகிர்ந்தார். அதன் மூலநிரலை எங்களில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

---

பழசுப்பெட்டி (கோவை):

எல்லாருக்கும் நன்றி. கிரீஸ்வீசல் வந்தது. ஃபிஷ் எண் போட்டவை பெரும்பாலும் சுத்தமாக வந்துவிட்டன. ஒன்றில் கடைசித் தடங்களில் பிழை. எமுலேட்டரில் (லேப்டாப்பை அமிகா மாதிரி ஓடவைக்கும் நிரல்) திறந்தால் அண்ணா சொன்ன மாதிரியே அறை அறையாக, ஒவ்வொன்றிலும் விளக்கம். ஒரு ரீட்மீயில் அந்த விலை நிபந்தனையையும் பார்த்துவிட்டேன், நம்பவே முடியவில்லை.

இங்கே பழைய கணினி ஆர்வலர்கள் சிலர் அவ்வப்போது சந்திக்கிறோம். இவற்றைக் காப்பி எடுத்து அவர்களுக்குக் கொடுக்கலாமா? பிழை வந்த டிஸ்க்கை என்ன செய்வது? எண்ணே இல்லாத, பேனாவில் "கிளப், அக்டோபர்" என்று மட்டும் எழுதிய டிஸ்க்குகளும் கொஞ்சம் இருக்கின்றன.

---

ஹாரோவாசி (லண்டன்):

கொடுக்கலாம். அறையை முழுசாகக் கொடுங்கள், ரீட்மீயைப் பிரித்து எடுக்காமல். பெரும்பாலும் அதுதான் நிபந்தனை. ஷேர்வேர் என்றாலும் பகிர்வதற்குத் தடை இருக்காது, ஆனால் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுக் கொடுங்கள். "வணிக நோக்கில் கூடாது" என்று சிலர் போட்டிருப்பார்கள்.

---

கட்டளைவரி:

பிழை வந்த ஃபிஷ் டிஸ்க்குக்காக மெனக்கெட வேண்டாம். முழு வரிசையும் இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கிறது, அதே எண்ணை இறக்கி, புது டிடி (இரட்டை அடர்த்தி) டிஸ்க்கில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தை அந்த "கிளப், அக்டோபர்" டிஸ்க்குகளுக்குக் கொடுங்கள். அவை வேறு எங்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் ஓட்டையைத் திறந்துவையுங்கள், ஹெட்டைத் துடையுங்கள், ஏ.டி.எஃப். மட்டும் போதாது, காந்தத் துடிப்பு அளவிலான கோப்பையும் சேர்த்துச் சேமியுங்கள். படிக்க முடியாத தடத்தைப் பின்னால் வேறு நிரலால் மீட்டுப் பார்க்க அது உதவும். பூட் பிளாக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உண்மையான அமிகாவில் போட்டுவிடாதீர்கள்.