திரவத்தின் ‘கெட்டி’க்கு என்ன சொல்? பாகுநிலையா, பதமா?

வணக்கம்.

> விஸ்காசிட்டிக்குப் பாடநூலில் ‘பாகுநிலை’ இருக்கிறதே. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் திரவத்தைக் கெட்டியாக்கிக் கொடுப்பது பற்றிய நம் விழுங்கல் கோளாறு கையேட்டின் சொற்பட்டியலிலும் அதையே போடலாமே?

இயற்பியலுக்குச் சரி, இங்கே இடிக்கிறது. அமெரிக்காவில் 2002-இல் வந்த முறை திரவங்களைச் சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு) கணக்கில்தான் பிரித்தது: 51 முதல் 350 வரை ‘நெக்டர்’, 351 முதல் 1750 வரை ‘ஹனி’. ஆனால் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் பசை கலந்த தண்ணீர் டம்ளரில் நிற்கும்போது ஒரு கெட்டி, தொண்டையில் வேகமாக இறங்கும்போது இளகி வேறு கெட்டி. எந்த எண்ணைச் சொல்வது?

விழுங்கல் கோளாறு உள்ளவர்களின் உணவையும் திரவத்தையும் நிலைகளாகப் பிரிக்க இப்போது பல நாடுகளில் புழங்கும் ஐடிடிஎஸ்ஐ (IDDSI) முறை பாகுநிலையை அளப்பதே இல்லை. ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சை (அதற்கும் குறிப்பிட்ட நீளம் உண்டு) நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மீதத்தைப் பார்க்கிறார்கள். 1 மில்லிக்குக் குறைவு என்றால் நிலை 0. நான்கு வரை 1, எட்டு வரை 2, அதற்கு மேல் 3. சொட்டே விழாவிட்டால் 4.

நம் ஊரில் பாகு காய்ச்சுகிற ஆச்சிமார் செய்வதும் இதுதானே? இரு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்துக் கம்பிப் பதம் என்பார்கள். சோதனை அந்தப் பேரிலேயே இருக்கிறது. அதனால் என் பரிந்துரை ‘பதம்’. ‘சொல்’ என்ற பொருளும் அதற்கு உண்டுதான். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் குழம்பமாட்டார்கள்.

ஆஸ்பிரேஷனுக்கு, அதாவது குடிப்பதோ உண்பதோ மூச்சுக்குழலுக்குள் போவதற்கு, ‘புரையேற்றம்’ போதும், புதுச்சொல் வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு எங்கள் அப்பத்தா இரண்டாம் கட்டில் தூணோரம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். இரண்டு மடக்குக்குள் புரையேறும். “யாரோ நினைக்கிறாக” என்று சிரிப்பார். மெல்லிய நீர் விரைவாக ஓடுவதால் மூச்சுக்குழல் மூடும் முன்பே உள்ளே போய்விடுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. இருமாமலே புரையேறுவதும் உண்டு. நுரையீரலில் சளி கட்டிய பிறகுதான் தெரியும். ‘ஓசையற்ற புரையேற்றம்’ என்று அதையும் சொற்பட்டியலில் சேருங்கள்.

கெட்டியானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கையேட்டில் எழுதிவிடாதீர்கள். அளவு மீறினால் தொண்டையில் தங்கி, பிறகு வழுக்கி மூச்சுக்குழலுக்கே போகலாம். குடிக்கவும் பிடிக்காது. அப்பத்தா டம்ளரைத் தள்ளியே வைத்தார். உடம்பில் நீர் குறைந்ததுதான் மிச்சம். யாருக்கு எந்த நிலை என்பதைச் சோதித்துப் பார்த்த சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும்.

நிலைப்பெயர்கள்: 0 நீர்ப்பதம், 1 இளம்பதம், 2 இடைப்பதம், 3 கெட்டிப்பதம். ‘தேன்பதம்’ வேண்டாம், மார்கழித் தேனும் சித்திரைத் தேனும் ஒன்றல்ல. ரசப்பதம், மண்டிப்பதமும் (மண்டி எங்கள் பக்கத்துக் குழம்பு வகை) அப்படியே, வளவுக்கு வளவு, அதாவது வீட்டுக்கு வீடு மாறும். நான்காவதற்குக் ‘களிப்பதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உளுந்தங்களி மேலண்ணத்தில் ஒட்டும். அந்த நிலைக்கு ஒட்டவே கூடாது, கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும். உளுந்து மாவில் கிண்டும் இனிப்பான கும்மாயமும் அதனாலேயே அடிபடுகிறது. எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து.

---

> நான்காவதற்குச் சொல் கிடைக்கவில்லை

‘குழைபதம்’? ஒட்டுதல் அதில் இல்லை, ஓடுதலும் இல்லை.

‘பதம்’ எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும்: ‘கெட்டியாக்கி’ என்ற பதிவின் கீழே மாவுச்சத்து வகை, பசை வகை என்று பிரித்துக் காட்டுங்கள். வாய் வைத்த கஞ்சி சற்று நேரத்தில் நீர்த்துப்போவதை வீட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். உமிழ்நீர் செய்கிற வேலை அது. மாவுச்சத்துக் கலந்து 2-ஆம் நிலையில் கொடுத்தது, எச்சில் கரண்டி பட்டால் கிண்ணத்திலேயே நிலை இறங்கிவிடும். சாந்தன் பசை அப்படி நீர்க்காது.

நேற்று எங்கள் நொய்க்கஞ்சியைச் சிரிஞ்சில் விட்டுப் பார்த்தேன். நொய் அடைத்துக்கொண்டது. துணியில் வடிகட்டி மறுபடி விட்டேன், 3 மில்லி நின்றது. உங்கள் கணக்கில் இளம்பதம். அம்மா அதைக் ‘கெட்டிக் கஞ்சி’ என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேவகோட்டையிலிருந்து.