வெற்று செக், மீட்டர் வட்டி, ஸ்டேஷன் வாசல்: நம் அனுபவங்கள்

மளிகைக்கடைக்காரன்:
யாராவது ஒருவருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். தீபாவளிச் சரக்கு எடுக்க இரண்டு லட்சம் கடன் வாங்கினேன். நூற்றுக்குப் பத்து, மாதத்துக்கு. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 1,80,000 கையில் கொடுத்தார்கள். ஈடாக மூன்று செக், ஒரு புரோநோட்டு. எல்லாவற்றிலும் என் கையெழுத்து மட்டும்தான்; தொகை, தேதி எதுவும் கிடையாது. "சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் தம்பி" என்றார்கள்.

பதினான்கு மாதம் வட்டி கட்டினேன். வாங்கிய பணத்துக்கு மேலேயே போய்விட்டது, அசல் அப்படியே நின்றது. பதினைந்தாம் மாதம் தவறியதும் கடை வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டார்கள். வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் மனுவைப் பாதி படித்துவிட்டு, "கொடுக்கல் வாங்கல்தானே, சிவில் மேட்டர். கோர்ட்டைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து நானே மனுவைப் படித்தபோதுதான் உறைத்தது. "கடன் கொடுத்தவர் தொந்தரவு செய்கிறார்" என்று எழுதியிருந்தேனே தவிர, எத்தனை வட்டி என்று எங்கேயும் எழுதவில்லை! தமிழ்நாட்டில் 2003லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்து, மீட்டர், தண்டல், நாள் வட்டி என்று நாம் பேசும் பெயர்களையே சட்டத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் வட்டிக் கணக்கே இல்லாத மனுவைப் படிக்கிறவருக்கு அது வெறும் கடன் தகராறுதான்.

இரண்டாவது மனுவில் கையில் வாங்கிய தொகை, தேதி, மாதாமாதம் போனில் அனுப்பிய பணத்தின் பட்டியல், வாசலில் அவர்கள் சொன்ன வார்த்தைகள் (கெட்ட வார்த்தை உட்பட, சொன்னபடியே) எல்லாம் எழுதினேன். மனு வந்ததற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கிடைத்தது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு செக் திரும்பி வந்தது. மூன்றாவது? அதற்குள் ஐந்து லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டுவிட்டார்கள். செக் பணமில்லாமல் திரும்பியது; அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ்.

பழைய குமாஸ்தா:
நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கினீர்களா அண்ணே? வக்கீல் ஆபீஸில் இருபது வருடம் இருந்தவன் நான். "வாங்காமல் திருப்பி அனுப்பினால் கேஸே நிற்காது" என்று டீக்கடையில் யாரோ சொல்வதைக் கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபால் வந்து, நீங்கள் மறுத்தால், சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

செக் பணமில்லாமல் திரும்பினால் போடும் 138ஆம் பிரிவு கேஸில் நாள் கணக்குதான் உயிர். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு உங்களுக்கு 15 நாள். அதிலும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் 31ஆம் நாள் போனால் கேட்க முடியாது. எங்கள் ஆபீஸிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பி அப்படி ஒரு கேஸ் போயிற்று. அன்று எனக்கு விழுந்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

வெற்று செக் என்பதாலேயே தப்பிக்க முடியாது. கையெழுத்து உங்களுடையது என்றால், மற்றதை வேறு யார் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்தது என்றே அனுமானிக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை உடைக்கவேண்டிய பாரம் நம் தலையில். உங்கள் பணப் பட்டியல் அங்கேதான் உதவும். 15 நாளுக்குள் பதில் நோட்டீஸ் கொடுங்கள். மௌனமாக இருந்துவிட்டு விசாரணையில் கதை சொன்னால் "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும்.

ஒரு மகள்:
என் அனுபவம் வேறு மாதிரி. பக்கத்து வீட்டு அடிதடியை அப்பா பார்த்திருந்தார். இரவு ஒன்பது மணிக்குப் போன்: "பெரியவரை உடனே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கம்மா." அப்பாவுக்கு 63 வயது, மூட்டுவலி. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. 2024 ஜூலை 1இலிருந்து வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில், 60 வயதைத் தாண்டிய ஆணை விசாரணைக்காக வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. பழைய சட்டத்தில் 65. பெண்களுக்கு எந்த வயதிலும் அதே பாதுகாப்பு. அதைப் பணிவாகவே சொன்னேன்: "ஐயா, எழுத்தில் ஒரு சம்மன் கொடுத்து வீட்டுக்கு வாங்க, அப்பா எல்லாம் சொல்வார்." ஒரு நிமிடம் சத்தமே இல்லை. மறுநாள் காலை ஒரு எஸ்.ஐ. வந்தார், காபி குடித்தார், எழுதிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

பழைய குமாஸ்தா:
நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. ஆனால் படிக்கிறவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சலுகை சாட்சிக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் என்று அதே புதிய சட்டத்தின் 35(3) பிரிவில் போலீஸ் நோட்டீஸ் வந்தால் ஆஜராகத்தான் வேண்டும்.

பஸ் பயணி:
என்னுடையது சின்னது. போன் பறிபோனது பாலத்தின் மேல். இந்த ஸ்டேஷன் "பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றது, அந்த ஸ்டேஷன் "இந்தப் பக்கம்" என்றது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று வாயைத் திறந்த பிறகுதான் நாற்காலி கொடுத்தார்கள். எந்த எல்லையாக இருந்தாலும் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றவேண்டியது அவர்கள் வேலையாம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், அதையும் கேட்டு வாங்கினேன். சி.எஸ்.ஆர். மனு வந்ததற்கு அத்தாட்சி மட்டும்தான், வழக்கு பதிந்ததாக அர்த்தம் இல்லை. போன் இன்னும் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

மளிகைக்கடைக்காரன்:
குமாஸ்தா ஐயா, நோட்டீஸை வாங்கிவிட்டேன். இன்று ஒன்பதாம் நாள். வக்கீல் கட்டணத்துக்கு யோசித்துக்கொண்டிருந்தேன். 15100க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொன்னார்கள், வருமான வரம்பைப் பார்த்துத்தான் முடிவாம். சம்சாரம் பழைய போனை எடுத்து, பணம் அனுப்பிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரிண்ட் போடக் கிளம்பியிருக்கிறாள். மூன்று மாதம் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன், அதற்குத்தான் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.