‘விளைவு இல்லை’ என்று முடிந்த கள ஆய்வை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்புவது சரியா?

நீர்க்காகம்:
மேய்ச்சலை நிறுத்திய புல்வெளியில் வண்ணத்துப்பூச்சிகள் பெருகுகின்றனவா என்று பார்த்தோம். பெருகவில்லை, குறையவும் இல்லை. பேப்பரை அனுப்பினோம். “முறையில் குறை இல்லை, ஆனால் புதிதாக எதுவும் இல்லை” என்று எடிட்டர் சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டார். பூச்சிகள் இரண்டு மடங்காகியிருந்தால் இதே பேப்பருக்கு உள்ளே இடம் கிடைத்திருக்கும். இப்படியே வடிகட்டினால் சூழலியலில் அச்சாகிற விளைவெல்லாம் பெரிய விளைவாகத்தான் இருக்கும். இது நியாயமா?

எண்கணியன்:
எடிட்டர் பக்கம் நின்று ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். புல்வெளியில் எத்தனை ஆய்வுப் பாத்திகள் வைத்தீர்கள்? ‘விளைவு இல்லை’ என்பது வேறு, ‘பாத்திகள் குறைவு, விளைவு இருந்தாலும் எங்கள் ஆய்வுக்குத் தெரிந்திருக்காது’ என்பது வேறு. கள ஆய்வில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதையெல்லாம் அச்சிட்டால் யார் படிப்பது?

நீர்க்காகம்:
சரி, அந்தக் கேள்வியை விளைவு கிடைத்தவர்களிடமும் கேட்கலாமே. பவளப்பாறை மீன்கள் கதை தெரியும்தானே? கடல் நீரில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மீன் குஞ்சுகளின் மோப்பம் கெடுகிறது, தங்களைத் தின்னும் மீனின் வாடையை நோக்கியே நீந்துகின்றன என்று 2009 முதல் பெரிய இதழ்களில் வரிசையாக வந்தது. 2020-ல் வேறொரு குழு ஆறு இனங்களில் 900-க்கும் மேற்பட்ட மீன்களை வைத்துச் சோதித்தது. அப்படிப்பட்ட பாதிப்பு எதுவும் தெரியவில்லை. 2022-ல் இந்தத் துறையின் 91 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஆண்டுகள் போகப் போக விளைவு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மிகப் பெரிய விளைவுகள் வந்தவை பெரும்பாலும் சிறிய மாதிரிகளிலிருந்து, அதுவும் பெரிய பெயருள்ள இதழ்களில். அப்போது ‘எத்தனை மீன்கள்?’ என்று யாராவது அழுத்திக் கேட்டார்களா?

எண்கணியன்:
அந்த 2020 ஆய்வு வந்தது நேச்சரில். ‘விளைவு இல்லை’ என்ற முடிவு, இருப்பதிலேயே பெரிய இடத்தில்! கதவு மூடியிருக்கிறது என்பதற்கு இதையா சாட்சிக்கு அழைக்கிறீர்கள்? கணிசமான மாதிரியோடு போனால் திறக்கிறது.

நீர்க்காகம்:
பதினோரு ஆண்டு கழித்துத் திறந்தது. அதுவும் மறுப்பதற்கு முன்பே ஒரு புகழ்பெற்ற முடிவு இருந்ததால். என் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அப்படி யாரும் பரபரப்பாக எழுதி வைக்கவில்லை, நான் எதை மறுப்பது?

தும்பி:
நடுவில் நுழைகிறேன். பேப்பரில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால் யார் எழுதியது என்பதும் பார்க்கப்படுகிறது. ஃபங்ஷனல் எக்காலஜி இதழ் 2019 முதல் 2022 வரை தனக்கு வந்த பேப்பர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியை ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பாய்வுக்கு அனுப்பியது. பெயர் தெரிந்தபோது பணக்கார நாடுகள், ஆங்கிலம் புழங்கும் நாடுகள் ஆகியவற்றின் ஆய்வாளர்களுக்கு இருந்த சாதகம், மறைத்தபோது பெருமளவு குறைந்துவிட்டது. இது யாரோ புலம்பியது இல்லை, முறையாக நடத்திய சோதனை.

எண்கணியன்:
அதை முழுக்க ஏற்கிறேன். பெயரை மறைக்கட்டும், நாளைக்கே. ஆனால் நீர்க்காகத்தின் பேப்பர் திரும்பி வந்ததற்கு அது காரணம் இல்லையே.

கறையான்:
‘புதிதா?’ என்று கேட்காத இதழ்களும் இருக்கின்றன. ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது என்று 2017-ல் வந்து உலகையே உலுக்கியதே, அது பிளாஸ் ஒன் இதழில் வந்தது. முறை சரியா என்று மட்டும் பார்க்கும் இதழ். அங்குள்ள கிரேஃபெல்ட் நகரின் பூச்சியியல் சங்கத்தினர், அதிலும் பலர் பொழுதுபோக்காகப் பூச்சி பார்ப்பவர்கள், பொறி வைத்துச் சேர்த்த தரவு அது. முக்கியமா இல்லையா என்பதை வாசகர்களே முடிவு செய்தார்கள்.

எண்கணியன்:
அந்தப் பேப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே ஓர் ஆண்டுதான் பொறி வைத்திருந்தார்கள். தலைப்புச் செய்தி படித்த எத்தனை பேருக்கு அது தெரியும்? சரிவு பொய் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஓட்டைகளைச் சுட்டிக்காட்டத்தான் கண்டிப்பான மதிப்பாய்வு வேண்டும் என்கிறேன்.

கறையான்:
அந்த விவரம் பேப்பருக்குள்ளேயே எழுதியிருக்கிறது, மறைக்கவில்லை. மதிப்பாய்வின் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கைதான் எனக்குப் புரியவில்லை. 174 குழுக்களிடம் சூழலியல் தரவைக் கொடுத்துப் பகுப்பாய்வு செய்யச் சொன்ன பெரிய முயற்சி ஒன்று நடந்தது. ஒரு தரவு கூட்டில் வளரும் குருவிக் குஞ்சுகளைப் பற்றியது, இன்னொன்று யூகலிப்டஸ் கன்றுகளைச் சுற்றியுள்ள புல்லைப் பற்றியது. ஒரே தரவு, ஒரே கேள்வி, ஆனால் ஆளுக்கொரு விடை. அதைவிட, மற்றவர்களை விட்டு விலகிய விடைகளுக்கு மதிப்பாய்வாளர்கள் குறைந்த மதிப்பெண் போட்டார்களா என்று பார்த்தால், அதுவும் இல்லை.

எண்கணியன்:
அப்படியானால் மதிப்பாய்வை முன்னால் கொண்டுபோவோம். களத்துக்குப் போகுமுன் திட்டத்தை அனுப்புங்கள்: எத்தனை பாத்தி, எதை அளப்பது, எப்படிப் பகுப்பது. அது தேறினால், முடிவு எப்படி வந்தாலும் ஏற்பு உறுதி. ஆய்வாளர்களே நடத்தும் ‘பியர் கம்யூனிட்டி இன்’ என்ற மதிப்பாய்வு அமைப்பு 2021 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது, ஆசிரியரிடம் பைசா வாங்குவதில்லை. நீர்க்காகம், உங்கள் புகாருக்கு இதைவிட நேரான மருந்து ஏது?

நீர்க்காகம்:
ஆய்வகத்துக்கு அருமையான மருந்து. களத்தில் பாதித் திட்டம் முதல் மாதத்திலேயே மாறிவிடும். நான்கு பாத்திகளை வெள்ளம் கொண்டுபோகும், ஒன்றில் யாரோ மாட்டை ஓட்டிவிடுவார்கள், எண்ண நினைத்த இனம் அந்த ஆண்டு தலைகாட்டாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடிதம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். முதல் சுற்று மதிப்பாய்வுக்கே மாதக்கணக்கில் ஆகும். வண்ணத்துப்பூச்சி பறப்பது சில வாரங்கள்தான், அதைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போச்சு. மாணவரின் உதவித்தொகைக்கு யார் பதில் சொல்வது?

எண்கணியன்:
அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள். திட்டத்தைத் தேதியோடு பொதுத் தளத்தில் பூட்டி வையுங்கள். மாறியதையெல்லாம் காரணத்தோடு பேப்பரில் எழுதுங்கள். வெள்ளம் வந்தது என்றால் எந்த மதிப்பாய்வாளரும் சண்டைக்கு வரமாட்டார்.

நீர்க்காகம்:
அதைச் செய்திருந்தோம். தேதி போட்ட திட்டம் பேப்பரின் இணைப்பிலேயே இருந்தது. அதனால் நாங்கள் நேர்மையாக நடந்தோம் என்பது நிரூபணமாகும், எடிட்டரை எதுவும் கட்டுப்படுத்தாது. ஏற்பு உறுதி வேண்டுமானால் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் பருவம் போய்விடும்.

தும்பி:
எத்தனை பாத்திகள் என்று இன்னும் நீங்கள் சொல்லவே இல்லையே, நீர்க்காகம்?

நீர்க்காகம்:
பன்னிரண்டு. வெள்ளத்துக்குப் பிறகு எட்டு.

எண்கணியன்:
எட்டா! அதைத்தான் முதலிலேயே கேட்டேன். சரி, அந்த எட்டின் தரவையாவது பொதுவில் போடுங்கள். உங்களைப் போல் இன்னும் பத்துப் பேர் போட்டால் சேர்த்துப் பார்க்க ஏதாவது இருக்கும்.