புதுப்பிப்பு: அஞ்செட்டி (கிருஷ்ணகிரி மாவட்டம்) பக்கத் தோட்டங்களில் புள்ளிமான், சேலை வேலிக்குப் பிறகு

பழைய சேலை கட்டி மானைத் தடுக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அது தற்காலிகம்தான். அசையும் துணியால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மான் பழகிவிடும். அவரைக் கொழுந்தும் கீரையும் மறுபடி போகும். வாரம் ஒருமுறை இடம் மாற்றினால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

நிலையான தீர்வு கம்பி வலைதான். நம் ஊரில் கல்கால் (வேலிக்கு நடும் கல் தூண்) சுலபமாகக் கிடைக்கும். 9 அடிக் கல்லை 2 அடி புதைத்து, 8 அடிக்கு ஒன்றாக நட்டு, 7 அடி வலை இழுத்துக் கட்டுங்கள். 5 அடி வேலியைப் புள்ளிமான் தாண்டிவிடும். பலர் கவனிக்காதது அடிப்பக்கம்: மான் தாண்டுவதற்கு முன் நுழையத்தான் பார்க்கும். வலை மண்ணைத் தொட வேண்டும். பள்ளம் இருந்தால் கல் அடுக்குங்கள்.

நைலான் மீன்வலை தயவுசெய்து வேண்டாம். கொம்பு சிக்கினால் மான் துடித்தே செத்துவிடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது குற்றம். மனிதர், யானை எல்லோருக்கும் எமன்.

மானை விரட்டத் தெளிக்கும் முட்டைக் கரைசல் (1 பங்கு முட்டை, 4 பங்கு தண்ணீர்) பூச்செடிக்கு மட்டும். மழை பெய்தால் திரும்பத் தெளிக்கணும். சமைக்கும் கீரையில் தெளிக்காதீர்கள்.