பீட்டா சிதைவில் வரும் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது?

கேள்வி (12ஆம் வகுப்பு மாணவன், கன்னியாகுமரி மாவட்டம்):
எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி பக்கம். கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். அதனால் அணுக்கரு வேதியியலை ஆசையாகப் படிக்கிறேன். தோரியம்-232 சிதைந்து ஈயம்-208 ஆவதற்குள் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா வெளியேறும் என்று ஒரு கணக்கு. 6, 4 என்று விடை வந்துவிட்டது. ஆனால் பீட்டா துகள் என்பது எலக்ட்ரான்தானே? கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் மட்டும் இருக்கும்போது எலக்ட்ரான் எப்படி வெளியே வரும்?

பதில் 1 (கல்லூரி மாணவர்):
நியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் ஒட்டியிருப்பது. அது உடையும்போது எலக்ட்ரான் வெளியே வருகிறது. பரீட்சைக்கு இது போதும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை):
பரீட்சைக்குக்கூட இப்படி எழுத வேண்டாம், தம்பிகளா. நியூட்ரானுக்குள் எலக்ட்ரான் ஒளிந்திருக்கவில்லை. சிதைவு நடக்கும் அந்தக் கணத்தில்தான் அது உருவாகிறது. நியூட்ரான் மறைகிறது, புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ (மின்சுமையே இல்லாத, மிக மிக லேசான துகள்) மூன்றும் தோன்றுகின்றன. புரோட்டான் கருவிலேயே தங்கிவிடுவதால் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்தம்) மாறாது, அணு எண் (புரோட்டான் எண்ணிக்கை) ஒன்று கூடும்.

1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிக்கும் வரை, கருவுக்குள் எலக்ட்ரான் இருப்பதாகத்தான் பெரிய அறிஞர்களே நினைத்தார்கள். அந்தக் கணக்கு நைட்ரஜன்-14இல் உதைத்தது. 14 புரோட்டான், 7 எலக்ட்ரான் என்றால் மொத்தம் 21 துகள்கள். ஒவ்வொன்றின் சுழற்சியும் (spin என்கிற, துகளுக்கு இயல்பாகவே உள்ள பண்பு) அரை. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் கூட்டினால் முழு எண் வராது. அளந்து பார்த்தால் வந்ததோ 1. ஏழு புரோட்டான், ஏழு நியூட்ரான் என்று வைத்தால் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது உன் கணக்குக்கு வருவோம். 232-லிருந்து 208 போனால் 24. ஓர் ஆல்ஃபா என்பது 2 புரோட்டான், 2 நியூட்ரான்; அதனால் நாலால் வகுத்தால் 6 ஆல்ஃபா. அவை அணு எண்ணை 90-லிருந்து 78-க்கு இறக்கிவிடும். ஈயத்துக்கு வேண்டியது 82. மீதி நாலை ஏற்றுவது பீட்டா.

ஆனால் பீட்டா ஏன் நடுவில் வருகிறது என்று யோசித்தாயா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தோரியம்-232இல் 142 நியூட்ரான், 90 புரோட்டான்: விகிதம் 1.578. ஓர் ஆல்ஃபா போனதும் ரேடியம்-228. 140க்கு 88, விகிதம் 1.591. அதாவது இந்தக் கனமான கருக்களில் ஆல்ஃபா போகப் போக நியூட்ரானின் பங்கு ஏறுகிறது. அது அளவுக்கு மிஞ்சும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் கருவின் ஆற்றல் குறையும். பீட்டா அங்கே நடக்கிறது. ரேடியம்-228 அப்படித்தான் ஆக்டினியம்-228 ஆகிறது. ஈயம்-208இல் 126 நியூட்ரான் இருந்தும் ஒன்றுகூடச் சிதைவதில்லை, மாறினால் ஆற்றல் கூடும் என்பதால்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி டீச்சர். அப்போ வெளியே வந்த எலக்ட்ரான் அந்த அணுவின் சுற்றுப்பாதையிலேயே சேர்ந்துகொள்ளுமா?

பதில் 2 எழுதியவர்:
சேராது. அது பெரும் வேகத்தில் பறந்துவிடும். புரோட்டான் ஒன்று கூடிவிட்டதால் அணு நேர்மின் அயனியாக நிற்கும்; அப்புறம் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் ஊர் மணலுக்காக இன்னொன்று: தோரியம்-232இன் அரை ஆயுட்காலம் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 1,400 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி. பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் எவ்வளவு பங்கு இன்னும் மிச்சம்? போட்டுப் பார்த்து இங்கே எழுது. ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி வர வேண்டும்.